ஏற்றிய குதிரைத்திறனை இறக்கவும் காசு

1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல் 'கிரான் டூரிஸ்மோ' கார் பந்தய விளையாட்டே இந்த ஆசையை மூட்டிவிட்டது: காய்கறி வாங்கப் போகிற சின்னக் காரை வாங்கு, பாகம் பாகமாக மாற்று, பந்தயத்தில் பறக்கவிடு.

'கிரான் டூரிஸ்மோ 7'-இல் (2022) இந்த ஆசைக்கு ஒரு கறார் கணக்குப்பிள்ளை உண்டு. பெயர் 'பிபி'. ஒவ்வொரு காரின் திறனுக்கும் அது ஒரு மதிப்பெண் போடுகிறது. பல பந்தயங்களில் அந்த மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு.

வீரர் பரிசுப் பணத்தைக் கொட்டி டர்போ பூட்டுகிறார், எடையைக் குறைக்கிறார். வரம்பு தாண்டிவிடுகிறது. உடனே அதே கடைக்கு ஓடி, எஞ்சின் சக்தியைக் குறைக்கும் கருவியையும், எடையைக் கூட்டும் பாலாஸ்ட்டையும் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார். வெறும் ஆயில் மாற்றியதிலேயே குதிரைத்திறன் ஏறி, நேற்று ஓடிய கார் இன்று வாசலிலேயே நிறுத்தப்படுவதும் உண்டு.

கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டுகிறவருக்கு இந்த அலைச்சல் கிடையாது. ஆனால் அப்படி யார் ஓட்டுகிறார்கள்?

இன்னொரு பந்தய விளையாட்டான 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' (2023) அதைக் கட்டாயப்படுத்திப் பார்த்தது: முதலில் காரை அப்படியே ஓட்டு, லெவல் ஏறினால்தான் பாகங்கள். வீரர்கள் கொதித்தெழுந்தார்கள். 2024-இல் அந்த முறையே மாற்றப்பட்டது.