வகுத்துப் பார்ப்பவர்

பெங்களூரின் சர்ஜாபுர சாலை, பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளாகத்துக்கு ஒருவராவது வாழ்ந்துவரும் ரோமிங் நிபுணர், அக்கம்பக்கத்தில் எவரேனும் வெளிநாடு செல்லவிருக்கும் செய்தி கசிந்த மாத்திரத்தில், எந்த நாடு, என்ன காரியம் என்று விசாரிக்கும் முன்பே, "சார், ஒரு ஜிபி எவ்வளவுக்கு விழுது?" என்ற வினாவை எழுப்பிவிடுவார்.

ரோமிங் என்பது இந்திய நிறுவனத்தின் சிம் அட்டையை அயல்நாட்டு நிறுவனத்தின் கோபுரத்தில் இயங்கவிடும் ஏற்பாடு. சிம்முக்குள் பதிந்துள்ள ஐஎம்எஸ்ஐ என்னும் அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன (இந்தியாவுக்கு 404, 405) ஆதலால், அயல்நாட்டு வலையமைப்பு வந்திறங்கியவர் எவ்வூரார் என்று உடனே அறிந்து, அவருடைய தாய் நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு இணைப்பு வழங்குகிறது. இரு நிறுவனங்களும் பின்னர் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் செலவு பயணியின் தலையில் வந்து விடிகிறது. இதற்கு மாற்றாகப் போன ஊரில் உள்ளூர் சிம் வாங்கலாம். அல்லது இ-சிம், அதாவது தனி அட்டை ஏதுமின்றி, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஃபோனுக்குள்ளேயே பதித்துக்கொள்ளும் சிம்மைப் புறப்படும் முன்பே வாங்கிவைக்கலாம். இம்மூன்றில் ஒன்றைச் சாதாரண மனிதர் தேநீர் ஆறுவதற்குள் தேர்ந்துகொண்டு, பெட்டியில் துணி அடுக்கப் போய்விடுவார்.

நிபுணர் போகமாட்டார், அவர் வகுப்பார். 3,000 ரூபாய் ரோமிங் பேக்கில் 5 ஜிபி கிடைக்குமாயின் ஜிபிக்கு 600 என்பது அவருடைய எக்செல் தாளின் முதல் கட்டத்தில் நிற்கும் தொடக்கம் மட்டுமே. அதைப் பயண நாட்களால் வகுப்பார். பிறகு மணிகளால் வகுப்பார். உறங்கும் நேரத்தில் இணையம் தேவையில்லை என்று அந்த மணிகளைக் கழிப்பார். விடுதியில் வைஃபை உண்டென்று விடுதி நேரத்தையும், அருங்காட்சியகத்தில் ஃபோனைப் பார்ப்பது அநாகரிகம் என்று அருங்காட்சியக நேரத்தையும் கழித்துவிட்டு, எஞ்சிய சொற்ப நேரத்துக்கு இவ்வளவு விலையா என்று அதிர்ந்து, முதலிலிருந்து மீண்டும் வகுப்பார். செல்லும் ஊர் சிங்கப்பூராயின், உள்ளூர் சிம்மோடு ஒப்பிட அவர் எடுத்துக்கொண்ட சிங்கப்பூர் டாலரின் மதிப்பு மறுநாள் சில பைசாக்கள் நகர்ந்திருக்கும் என்பதால் தாள் முழுவதும் திருத்தப்படும். பயணம் எட்டு நாளாகவும் பேக் பத்து நாளுக்கானதாகவும் இருந்துவிட்டால், பயன்படாத அந்த இரண்டு நாட்கள் அவரைத் தூங்கவிடாது. சில திட்டங்களில் ஒரு நாள் என்பது முதல் இணைப்பிலிருந்து 24 மணி நேரம் என்றும், சிலவற்றில் அது நாட்காட்டி நாள் என்றும் இருப்பதை அறிந்தவராதலால், இரவு பதினொன்றரைக்குத் தரையிறங்கினால், நள்ளிரவு கடக்கும்வரை ஃபோனை விமானப் பயன்முறையிலேயே வைத்துக்கொண்டு பெட்டி வரும் பட்டையருகே நிற்பார், குடும்பமும் நிற்கும்.

இவ்வளவு வகுப்பவர், 2008-இல் தேவனஹள்ளிக்குப் போய்விட்ட விமான நிலையத்தை அடைய ஹெப்பாள் மேம்பாலத்தின் மேல் நின்றபடி டாக்சிக்கு அழும் தொகையை எதனாலும் வகுப்பதில்லை. டெர்மினல் 2-இல் குடிக்கும் காபியின் விலையை மில்லிலிட்டரால் வகுத்ததாகவும் செய்தி இல்லை.

நீதியாகச் சொல்வதானால் அவருடைய அறிவு பொய்யறிவன்று. ரோமிங்கில் செல்லும் தரவு பெரும்பாலும் தாய்நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றியே இணையத்தை அடைவதால், கூகுளும் வாட்ஸ்அப்பும் தடைசெய்யப்பட்ட சீனாவில் உள்ளூர் சிம்மில் திறக்காதவை இந்திய சிம்மில் திறக்கும் என்பதை லிஃப்டுக்குள் அவர் விளக்கும்போது கண்கள் ஒளிரும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 அன்று தன் உறுப்பு நாடுகளுக்கிடையே கூடுதல் ரோமிங் கட்டணத்தை ஒழித்ததைப் பெருமூச்சுடன் நினைவுகூர்வார். இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் வந்து, சிம் தட்டைத் திறக்கும் ஊசி கிடைக்காவிட்டால் மனைவியின் தோட்டைக் கழற்றி வாங்கியாவது வேலையை முடித்துக்கொடுப்பார். இந்த உபகாரத்தை வளாகத்தில் வேறெவரும் செய்வதில்லை.

அவர் தமக்கென்று எதைத் தேர்கிறார் என்பதுதான் ஆய்வுக்குரியது. எதையும் தேர்வதில்லை. அவருடைய மனைவி, தம் மொபைல் நிறுவனத்தின் செயலியில் கண்ணில் பட்ட முதல் ரோமிங் பேக்கை விமான நிலையம் செல்லும் வழியில் சத்தமின்றி வாங்கியிருப்பார்; நிபுணர் அந்த ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில், அதாவது ஒரு ஃபோனின் இணையத்தை மற்றொன்று பகிர்ந்துகொள்ளும் வசதியில், பயணம் முழுவதையும் கழிப்பார். சிங்கப்பூரின் முஸ்தபா சென்டர் அங்காடியில் மனைவி அடுத்த தளத்துக்கு ஏறிவிட்டால் அவருடைய வரைபடம் உறைந்துவிடும். மாலைக்குள் மனைவியின் ஃபோனில் சார்ஜும் தீர்ந்து, இருவரும் வழி கேட்டு நடப்பார்கள். ஜிபிக்குச் சுழியம் ரூபாய் என்று எக்செல் தாளில் அன்றிரவு பதிவாகும்.

இதுவரை சொன்னது அவருடைய குடும்பத்தின் பாடு. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மகளின் பிரசவத்துக்காக முதல் முறையாகத் தனியே அமெரிக்கா செல்லும் அறுபத்தைந்து வயது அம்மாவிடம், "ரோமிங் எதுக்கு ஆன்ட்டி, தண்டச் செலவு, ஏர்போர்ட்டில் வைஃபை ஃப்ரீ" என்று சொல்லி, இந்திய சிம்மையும் கழற்றிப் பர்ஸில் போட்டு அனுப்புவது வேடிக்கையன்று. இலவச வைஃபை தரும் விமான நிலையங்கள் பலவற்றில், ஃபோனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வரும் ஓடிபி எண்ணை இட்டால்தான் இணைப்பு திறக்கும். சிம் பர்ஸில் கிடக்கும்போது அந்த எஸ்எம்எஸ் எங்கே வரும்? இடைவழியில் விமானம் தாமதமாகி, அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, மகளுக்குச் சொல்ல வழியின்றி அந்த அம்மா உட்கார்ந்திருக்க நேர்ந்தால், மிச்சமான தொகையை எந்த மணியால் வகுப்பது? வங்கி அட்டைக்கான ஓடிபியும் அந்த இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் இயக்கப்பட்டிருந்தால் எஸ்எம்எஸ் பெறப் பெரும்பாலான இந்தியத் திட்டங்களில் கட்டணமும் இல்லை. இவை அனைத்தும் நிபுணருக்குத் தெரியும். தாளில் அவற்றுக்குக் கட்டம் இல்லாததால் சொல்லமாட்டார்.

ஆகவே, வயதானவர்களைத் தனியே அனுப்புவோர், இந்திய சிம்மைக் கழற்றாமல், வழியில் தங்கும் நாட்டிலும் செல்லும் சிறிய ரோமிங் பேக் ஒன்றைப் பெங்களூரிலேயே போட்டு, மகள் அல்லது மகனின் எண்ணைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். பேக்கின் விலையை நிபுணரிடம் சொல்ல வேண்டாம்.