புகார்க் காண்டம்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களை ஒன்றுசேர்ப்பது மொழிப்பற்று எனப் பரவலாகக் கருதப்பட்டாலும், விடுதி வாழ்க்கையை உற்றுநோக்குவோர் அப்பெருமை சாம்பாரைப் பற்றிய புகாருக்கே உரியது என்பதை அறிவர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கி.மீ. தொலைவை 33 மணி நேரம் கடந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கும் மாணவர், ஊரில் பக்கத்து வீட்டாரிடம்கூட முகங்கொடுத்துப் பேசாதவராக இருக்கலாம். எனினும் ‘மெஸ்’ எனப்படும் விடுதி உணவுக்கூடத்தில், புளியை இன்னும் சந்தித்திராத ஒரு மஞ்சள் குழம்பு தட்டில் விழுந்த கணமே, தம்மைப் போலவே முகம் சுளிப்பவர் யாரென அவருடைய கண்கள் தேடத் தொடங்குகின்றன.

அவ்வாறு அறிமுகமாகும் இருவருள் ஒருவர் திருநெல்வேலிக்காரராகவும் மற்றவர் கோயம்புத்தூர்க்காரராகவும் இருப்பின், எந்த ஊர்ச் சாம்பார் உயர்ந்தது என்னும் பழம்பூசலைத் தள்ளிவைத்து, தட்டிலிருப்பது சாம்பாரே அன்று என ஒருமனதாகத் தீர்மானிக்கின்றனர். இந்நட்பை உறுதிசெய்வது பருப்புப்பொடி. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, மூடிக்கடியில் பாலித்தீன் தாள் வைத்து இறுக்கி அம்மா கொடுத்தனுப்பிய அப்பொடியில் ‘ஒரே ஒரு கரண்டி’ கேட்டு வருபவர் தம் சொந்தக் கரண்டியுடன் வருவார் என்பதும், அது பெரும்பாலும் குழிக்கரண்டியாக இருக்கும் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

முறைப்படி அமைந்த நிறுவனங்களும் இல்லாமலில்லை. 1946இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கமும், 1973இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திர் முருகன் கோயிலும் ராமகிருஷ்ணபுரத்தில் உள்ளன. பகுத்தறிவில் ஊன்றிய மாணவர்களும் பிரசாத வேளையில் பின்னதற்குச் செல்வதுண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர் சூட்டப்பட்டிருப்பதால், காவிரி அங்கே எந்த நடுவர் மன்றத்தின் துணையுமின்றி வந்து சேர்ந்திருக்கிறது. பெரியார் என்ற விடுதியின் பெயர் கேரளத்து ஆற்றைக் குறிப்பது எனத் தெரிந்த பின்னும், அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் தமிழ் மாணவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை.

புகார் விரைவில் மொழி எல்லையைத் தாண்டிவிடுகிறது. மீனில்லை என்னும் மலையாளியும், அரிசி சரியில்லை என்னும் ஒடியரும், காரமே இல்லை என்னும் மணிப்பூரியும் அதே மேசைக்கு வந்து சேர, இந்திய ஒருமைப்பாடு குறித்த அரசு விளம்பரங்களால் ஆகாதது அங்கே இரவு எட்டரை மணிக்குள் ஆகிவிடுகிறது.

இடர் வருவது தேர்தலால்தான். மளிகைக் கணக்கையும் வாராந்தர உணவுப் பட்டியலையும் கவனிக்கும் மெஸ் செயலாளரை மாணவர்களே தேர்ந்தெடுக்கும் விடுதிகளில், உரக்கப் புகார் சொன்னவரே வெல்வது இயல்பு. அவர் சமையலறைக்குள் புளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். சாம்பாரும் ஓரளவு தேறுகிறது. ஆனால் குறைசொல்லும் உரிமையை அவர் இழந்துவிட்டமையால், அவர் தட்டுடன் நெருங்கும்போதெல்லாம் பழைய மேசையில் பேச்சு தில்லிக் குளிரைப் பற்றியதாக மாறிவிடுகிறது. தனித்துவிடப்பட்ட செயலாளர், சாம்பாரில் புளிப்பு மிகுந்துவிட்டதென முறையிட வந்த பஞ்சாபி மாணவருக்கு எதிரே அமர்ந்து உண்ணத் தொடங்குகிறார். இருவருக்கும் பேச நிறையவே இருக்கிறது.