மண் அள்ளிப் போட்டவர்கள்

ஊர்ப் பொது நீச்சல் குளத்தையும் அதை நம்பி நடக்கும் கிளப்பையும் நஷ்டப்படாமல் காப்பாற்றுவது எப்படி என்று அமெரிக்காவில் ஆலோசகர்கள் வகுப்பெடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு கூட்டுச் சேருங்கள், கோடை முகாம்களுக்கு வாடகைக்கு விடுங்கள், காலையில் பெரியவர்களுக்குத் தண்ணீரில் உடற்பயிற்சி, மாலையில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு வையுங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பது மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் என்றாலே 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதை ஓயாமல் சுற்றவிட்டு, வடிகட்டி, குளோரின் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கரன்ட் பில் வந்துவிடும். கூட்டாளி இல்லாமல் கட்டுப்படியாகாது.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். இந்தக் கலையை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்கள். முன்னோடிகளுக்கு ஒரு நன்றி, ஒரு மாலை, குளத்து வாசலில் ஒரு கல்வெட்டு? ஒன்றையும் காணோம். அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

முதல் மாலை மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனுக்கு. அந்த நகராட்சி ஐந்து குளங்களை நடத்திவந்தது. வெள்ளையர்களுக்கு நான்கு, கறுப்பர்களுக்கு ஒன்று. எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது, பொது இடங்களில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று 1962-ல் நீதிமன்றம் சொல்லித் தொலைத்தது. நகராட்சி கலங்கவில்லை. தனக்குச் சொந்தமான நான்கு குளங்களையும் இழுத்து மூடியது. மீதி ஒன்று, ஒய்.எம்.சி.ஏ. என்ற சங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. குத்தகை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒய்.எம்.சி.ஏ. அதை வாங்கி வெள்ளையர்களுக்காக நடத்தியது. அந்த ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'சி' கிறித்தவத்தைக் குறிக்கிறது. கூட்டாண்மை என்றால் இதுவல்லவா கூட்டாண்மை! சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, குளத்துக்குக் குளமும் ஆச்சு.

நகராட்சி சொன்ன காரணத்தைத்தான் ஆலோசகர்கள் பொன்னெழுத்தில் பொறித்துவைக்க வேண்டும். எல்லோரையும் ஒன்றாக விட்டால் குளங்களைப் பாதுகாப்பாகவும் சிக்கனமாகவும் நடத்த முடியாதாம். அதாவது, கட்டுப்படியாகாதாம். ஒரே தண்ணீர், ஒரே பம்பு, அதே குளோரின். ஒரு கறுப்புப் பையன் கால் நனைத்ததும் செலவு எப்படி ஏறும் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் விளக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு: குளம் நடத்தியே ஆக வேண்டும் என்று நகராட்சிக்குக் கட்டாயமில்லை, எல்லோருக்கும்தானே மூடியிருக்கிறார்கள், இதில் பாகுபாடு எங்கே? சோற்றுப் பானையைப் போட்டு உடைத்துவிட்டு, யாருக்கும் சோறில்லை, சமபந்திதான் என்பதுபோல. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இதைச் சொல்ல ஒன்பதில் ஐந்து பேர் கிடைத்தார்கள்.

அலபாமாவின் மான்ட்கோமரி இன்னும் தாராள மனசு. 1959 ஜனவரி முதல் நாள், புத்தாண்டுப் பரிசாக, நகரத்துப் பூங்காக்கள் அத்தனையையும் மூடியது. ஓக் பார்க் குளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பியது. அங்கே ஒரு மிருகக்காட்சி சாலையும் இருந்தது, மிருகங்களையும் விற்றார்கள். குரங்குக்கு நிறபேதம் தெரியாது, ஆபத்தான ஜந்து. வாயில் மண் அள்ளிப் போடுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் லாரி வைத்துச் செய்தார்கள். அதுவும் சொந்தப் பிள்ளைகள் குளித்த குளத்திலேயே. பூங்கா 1965-ல் திறந்தது. குளம் திரும்பவே இல்லை.

நீர்ப் பராமரிப்பிலும் முன்னோடிகள் உண்டு. ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், 1964 ஜூன் 18 அன்று, ஒரு மோட்டல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து குதித்தார்கள். மோட்டல் முதலாளி மியூரியாடிக் ஆசிட்டைக் கொண்டுவந்து, ஆட்கள் நீந்திக்கொண்டிருந்த தண்ணீரிலேயே ஊற்றினார். குளம் கழுவும் அமிலம் அது. அவருக்கு அன்று எது அழுக்காகத் தெரிந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. போலீஸ்காரர் ஒருவர் குளத்தில் குதித்தார். ஆசிட் ஊற்றியவரைப் பிடிக்க அல்ல, குளித்தவர்களைப் பிடிக்க. அதற்கு மறுநாள்தான் அமெரிக்க செனட்டில் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது.

இதையெல்லாம் மனசாட்சியுள்ள தெற்கத்தி மனிதர்களின் கைங்கரியம் என்று விட்டுவிடாதீர்கள். வடக்கே ஒஹாயோவில் யங்ஸ்டவுன் என்று ஓர் ஊர். 1951-ல் சிறுவர் பேஸ்பால் அணி ஒன்று ஜெயித்துவிட்டு, கொண்டாடக் குளத்துக்குப் போனது. அணியில் ஒரே ஒரு கறுப்புப் பையன். அவனை மட்டும் வேலிக்கு வெளியே உட்காரவைத்தார்கள். பெரியவர்கள் சிலர் சண்டை போட்ட பிறகு குளத்து நிர்வாகம் இரக்கம் காட்டியது. முதலில் எல்லோரையும் கரையேற்றியது. பிறகு அந்தப் பையனை ஒரு ரப்பர் படகில் உட்காரவைத்தது. உயிர்காப்பாளர் படகைப் பிடித்துக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சுற்றும்போது அவன் காதில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: என்ன ஆனாலும் தண்ணீரைத் தொட்டுவிடாதே. கரையில் சொட்டச் சொட்ட நின்ற பிள்ளைகள், தங்களோடு பந்து பிடித்தவன் தேர் உலா போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிர்காப்பாளர் அன்று காப்பாற்றியது தண்ணீரின் உயிரை.

பொதுக் குளத்தில் எல்லோருக்கும் வாசல் திறந்ததும் காசுள்ளவர்கள் அவரவர் கொல்லைப்புறத்தில் குழி தோண்டிக்கொண்டார்கள். 1950-ல் அமெரிக்காவில் சுமார் 2,500 குடும்பங்களிடம் இருந்த சொந்தக் குளம், 1999-ல் 40 லட்சம் குடும்பங்களிடம் வந்துவிட்டது. கொல்லை இல்லாதவர்கள் கிளப் தொடங்கினார்கள். மேரிலாந்தில் அப்படி ஒரு கிளப்; உறுப்பினர் ஒருவர் கறுப்பினத் தோழி ஒருவரை விருந்தாளியாக அழைத்துவந்ததும், இனி உறுப்பினரின் சொந்தக்காரர்கள்தான் விருந்தாளியாக வரலாம் என்று விதி போட்டது. பங்காளி, சம்பந்தி, மாமன், மச்சான் மட்டும். இந்த விதியை எழுதியவர் நம் பக்கம் வந்து பாடம் படித்துப் போயிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1973-ல் உச்ச நீதிமன்றம் அந்த கிளப்பின் நிறபேதம் செல்லாது என்றது.

அது அந்தக் காலம் என்பீர்கள். சரி, 2009-க்கு வருவோம். வெள்ளை மாளிகையில் ஒபாமா. ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் கிளப்புக்கு வருமானம் தேவைப்பட்டது. இன்றைய ஆலோசகர் சொல்வதை அப்படியே செய்தது. கோடை முகாம் ஒன்றோடு ஒப்பந்தம். இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக முன்பணம். முகாமிலிருந்து ஐம்பது அறுபது குழந்தைகள் துண்டும் கண்ணாடியுமாக வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகளும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளும். தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கரையில் முணுமுணுப்பு. சில நாளில் காசு திரும்பி வந்துவிட்டது. குளம் சிறியது, கூட்டம் அதிகம், பாதுகாப்பில்லை என்றார்கள். கிளப் தலைவர் பத்திரிகைக்குச் சொன்னதில் 'காம்ப்ளெக்‌ஷன்' என்ற வார்த்தை வந்து விழுந்தது. கிளப்பின் காம்ப்ளெக்‌ஷன் மாறிவிடுமாம். நம்மூர்க் கல்யாணத் தரகர் பெண்ணைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் அதே வார்த்தை. நாக்கு சில நேரம் மனிதரைவிட நேர்மையானது.

அந்த ஆண்டு நவம்பரிலேயே கிளப் திவால் மனு போட்டது. 2012-ல் 11 லட்சம் டாலருக்கு வழக்குத் தீர்ந்தது. இரண்டாயிரம் டாலர் வருமானம் உறுத்தியதால் பதினொரு லட்சம். கட்டுப்படி ஆயிற்றா ஐயா?

பணமில்லாமல் செத்த குளங்களும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன குளம் ஒன்றாவது பணமில்லாமல் சாகவில்லை. குளிக்க வந்தவனைக் கண்டு செத்தது. அதற்கு வட்டி இன்னும் குழந்தைகள்தான் கட்டுகிறார்கள். பத்து முதல் பதினான்கு வயதுக்குள் நீச்சல் குளத்தில் மூழ்கிச் சாகும் விகிதம் அமெரிக்காவில் வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கறுப்புப் பிள்ளைகளுக்கு ஏழரை மடங்குக்கும் மேல் என்கிறது அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம். பாட்டனுக்குக் குளத்தை மூடினார்கள், அப்பனுக்கு நீச்சல் தெரியவில்லை, பேரன் மூழ்குகிறான். கறுப்பர்களின் எலும்பு கனம், மிதக்காது என்று இதற்கு விஞ்ஞான விளக்கம் சொன்ன மேதாவிகளும் இருந்தார்கள். மண்ணைக் கொட்டிய லாரியின் கனத்தை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

இதை எழுதுகிற எனக்கு நீச்சல் தெரியும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கற்றுக்கொண்டேன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார். நாலு வாய் தண்ணீர் குடித்தேன், அஞ்சாம் நாள் குடுக்கையைக் கழற்றிவிட்டார்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் தூர் வாரத் தெற்குத் தெருவிலிருந்து ஆட்கள் வருவார்கள். கயிற்றைப் பிடித்து இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று, கூடை கூடையாக அள்ளி மேலே அனுப்புவார்கள். என் வயதுப் பையன் ஒருவனும் அவன் அப்பாவோடு இறங்குவான். தூர் வாரி முடிந்து தண்ணீர் ஊறியதும் அவன் இறங்கக் கூடாது. மேட்டில் உட்கார்ந்து நாங்கள் குதிப்பதைப் பார்ப்பான். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாமலா இருந்தது?

பிறகு போர் போட்டோம். கிணறு சும்மா கிடந்தது. ஆடு மாடு விழுந்துவிடும், மூடிவிடலாம் என்றார் அப்பா. மூன்று நாள் வேலை. மண் அள்ளிப் போடத் தெற்குத் தெருவுக்குத்தான் சொல்லி அனுப்பினோம்.