பிடுங்கிய பாடத்துக்கு ஃபீஸ் எவ்வளவு?

வடசென்னைக்கு ஜெர்மனி நடத்திய முதல் வகுப்பு 1914 செப்டம்பர் 22 இரவு. துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற எம்டன் கப்பல், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. இரண்டாவது வகுப்பு 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில். காற்றிலிருந்து அமோனியா பிடிக்கும் வித்தையை உலகுக்குத் தந்தவர் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மானியர். அந்த அமோனியா உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து கசிய, மூக்கைப் பொத்திக்கொண்டு சனம் தெருவில் ஓடியது. இரண்டுமே வீடு தேடி வந்த இலவசக் கல்வி. ஜெர்மன் மொழியைக் கற்கத்தான் காசை எடுத்துக்கொண்டு நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கெதே நிறுவனத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த மொழி ஒரு காலத்தில் மத்திய அரசுப் பள்ளிக்கே வந்தது. 2011இல் கேந்திரிய வித்யாலயா நிர்வாகம் கெதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஜெர்மனை மூன்றாம் மொழியாக வைத்தது. நாடெங்கும் சுமார் 70,000 பிள்ளைகள் படித்தார்கள். 2014 அக்டோபரில், பாதி வருடம் ஓடிய பிறகு, மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. ஜெர்மன் மும்மொழித் திட்டத்துக்கு விரோதமாம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அது இல்லையாம். மூன்று வருடமாக அந்த அட்டவணையைப் பார்க்க டெல்லியில் ஒருவருக்கும் மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை போலும். ஜெர்மனை மூடு, சமஸ்கிருதத்தைத் திற என்று உத்தரவு வந்தது.

உலகப் பொருளாதாரம் பேசக் கூடிய பிரிஸ்பேன் ஜி-20 மாநாட்டில், நம் ஊர் ஆறாம் வகுப்பு டைம்டேபிளைப் பற்றி அன்றைய ஜெர்மன் சான்சலர் ஏஞ்சலா மெர்க்கல் மோடியிடம் பேச வேண்டியதாயிற்று. பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். சரி, இந்த வருடம் சமஸ்கிருதத்தில் பரீட்சை வைக்கமாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. பரீட்சை வைக்கவே முடியாத பாடத்தை நவம்பரில் அவசர அவசரமாகத் தொடங்கியது எதற்கு என்று அங்கே யாரும் கேட்கக்கூடாது. எட்டாவது அட்டவணைதான் அளவுகோல் என்றால் அதில் தமிழும் இருக்கிறதே ஐயா? தமிழ்நாட்டில் இருக்கும் கேந்திரிய வித்யாலயாக்களில் போதுமான பிள்ளைகள் கேட்டால்தான் தமிழ். அதுவும் தற்காலிக ஆசிரியரை வைத்து.

இதிலே இன்னொரு கூத்து. 2014இல் தேசத்துக்கு ஆகாமல் போன ஜெர்மன், 2020 தேசியக் கல்விக் கொள்கையில் கொரிய, ஜப்பானிய மொழிகளோடு பட்டியலில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

2014இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு 2024இல் வயது இருபத்தொன்று. அந்த வருடம் அக்டோபர் 25 அன்று, அன்றைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் டெல்லியில் இருந்தபோது, திறன்மிக்க இந்தியர்களுக்கான விசா ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆகிறது என்று பிரதமர் மேடையில் சொன்னார். பலத்த கைதட்டல். அதே நாள், திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏதோ வாயு நெடியில் மூச்சுத் திணறி மயங்கி விழுந்தார்கள். அது என்ன வாயு என்று சொல்ல ஆளில்லை. நவம்பர் 4 பள்ளியைத் திறந்தார்கள், மறுபடியும் மயக்கம். ஜெர்மனி தேடும் திறன்மிக்க இந்தியர்களில் சிலரை அன்று ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது.

சரி, ஜெர்மன் யாருக்குக் கிடைக்கிறது? பெரிய இடத்துப் பள்ளிகளில் பிரெஞ்சும் ஜெர்மனும் எத்தனையோ வருடமாக உண்டு. கவிஞர் கெதேயை மூலத்தில் படிக்கும் ஆசையில் எடுத்தார்கள் என்று நினைத்தால் உங்கள் வெள்ளை மனசுக்கு ஒரு கும்பிடு. எல்லாம் மார்க்குக்காக. தமிழை முதல் பாடமாக எடுத்தவர்களுக்குத்தான் பிளஸ் டூ மாநில ரேங்க் என்று கல்வித்துறையே வேலி போட வேண்டிவந்தது.

ராயபுரத்தில் நர்சிங் முடித்த பெண்ணுக்கு ஜெர்மன் என்பது மார்க் இல்லை, சோறு. ஜெர்மன் ஆஸ்பத்திரியில் முழு நர்சாக நிற்க பொதுவாக பி2 மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். ஏ1, ஏ2, பி1, பி2. படிக்குப் படி ஃபீஸ், படிக்குப் படி பரீட்சை. தவறினால் திரும்பவும் ஃபீஸ். நைட் டியூட்டி முடித்து, கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஊர்கிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்று இருபத்திநாலு வயதில் உருப்போடுகிறாள். பதினோரு வயதில் பாட்டுப் பாடியே படித்திருக்க வேண்டியதை.

மாநில அரசுக்கும் ஒரு வணக்கம். 1968இல் வந்த இருமொழிக் கொள்கை நியாயமானது. இந்தியைத் திணிக்க வந்தால் நானும் மறியலுக்கு வருவேன். ஆனால் நர்சுகளுக்கு ஜெர்மன் பயிற்சி தருவது நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமேதான். இருபத்திரண்டு வயதில் கொள்கைக்குப் பங்கம் செய்யாத ஜெர்மன், பதினாலு வயதில், பள்ளி விட்ட பிறகு, மார்க் இல்லாமல், ஆசைப்பட்ட பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் எந்தக் கோட்டையை இடித்துவிடும்? மேடையில் முழங்குகிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை மொழி படிக்கிறார்கள் என்று ஒரு முறை சொல்லட்டும், அப்புறம் பேசலாம்.

சாயங்காலம் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடம் பூட்டித்தான் கிடக்கிறது. வாத்தியார் சம்பளத்துக்கு வழி கேட்டால், 2024-25இல் டெல்லி பள்ளிக் கல்விக்கான ₹2,152 கோடியை நிறுத்தி வைத்தது என்பார்கள். டெல்லியைக் கேட்டால், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்பார்கள். இவர்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கட்டும். ஜெர்மனிக்கு நர்சுகளை அனுப்பும் ஏஜென்டுக்கு அந்தப் பிரச்சினை எதுவும் இல்லை, நேரே போனைப் போடுகிறான்: "என்னம்மா, பி1 ஃபெயிலா? அதுக்கென்ன, வெள்ளிக்கிழமைக்குள்ள பணத்தைக் கட்டிடு, அடுத்த பேட்ச்ல சேத்துடறேன்."