வற்றல் போட்டு வைத்த ட்வீட்டுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. அதில் ஒரு கோப்பு. திறந்தால் எழுத்து ஒன்றும் இருக்காது. மேலிருந்து கீழ்வரை எண்கள், வரிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 18 இலக்கம். வேறு யார் பார்த்தாலும் ஏதோ மின்வாரியக் கணக்கு என்று மூடிவிடுவார்கள். எனக்கு அதைத் திறந்தால் மழைச் சத்தம் கேட்கும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை தண்ணீருக்குள் நின்றபோது அந்த ஊர் மக்கள் எழுதிய ட்வீட்டுகளின் எண்கள் அவை.

அப்போது நான் கோவையில் ஆய்வு மாணவன். அந்தக் காலத்தில் ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மின்விசிறி கிறீச்சிடும் அறையில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கும் அந்த வாசனை வரும் என்று நினைக்கிறேன். ட்விட்டரில் ஒரு செயலியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு பெயர், எதற்காக என்று இரண்டு வரி, அவ்வளவுதான். அடுத்த நிமிடம் நான்கு நீண்ட சாவிகள் திரையில் வந்து நிற்கும். அவற்றை எடுத்து பைத்தான் ஸ்கிரிப்ட்டுக்குள் ஒட்டினால், உலகம் பேசுவதெல்லாம் நம் மேசைக்கு வரத் தொடங்கும். நேரடியாக ஓடும் பொது ட்வீட்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இலவசமாகக் கிடைத்தது. மொத்த வரத்துக்கு 'ஃபயர்ஹோஸ்', அதாவது தீயணைப்புக் குழாய் என்று பெயர். அது எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் எங்களிடமிருந்த கணினிக்கு அந்த நூற்றில் ஒன்றே தாங்க முடியாத பாரம்.

தேடி எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 15 நிமிடத்துக்கு 180 முறை கேட்கலாம், ஒரு முறைக்கு 100 ட்வீட், ஆக 18,000. வரம்பு முடிந்ததும் ஸ்கிரிப்ட் நின்று, அடுத்த கால் மணி பிறக்கும்வரை காத்திருக்கும். அந்தக் கால் மணிதான் எங்கள் டீ நேரம். ஆய்வகத்திலிருந்து படியிறங்கி, சாலையைக் கடந்து, கடைக்காரர் ஆற்றித் தரும் டீயைக் குடித்து, ஒரு பஜ்ஜியைப் பாதிப் பாதியாகப் பிய்த்துத் தின்று திரும்பினால் சரியாக இருக்கும். ஆய்வில் பாதி யோசனைகள் அந்தக் கடை பெஞ்சில்தான் பிறந்தன. இன்று என் மாணவர்கள் தரவு எடுக்கும் அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் யாரும் டீ குடிக்க முடியாது.

எங்களை அந்த வேலைக்குள் இழுத்தது 2010-ல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. சகாகி, ஒகசாகி, மட்சுவோ என்ற மூவர் எழுதியது. நில அதிர்வை உணர்ந்த மக்கள் உடனே ட்வீட் போடுகிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு மனிதரும் ஓர் உணர்கருவிதானே என்று தொடங்கி, அந்நாட்டு வானிலை முகமை அளவுகோலில் 3-ம் அதற்கு மேலும் பதிவான அதிர்வுகளில் 96 சதவீதத்தை ட்வீட்டுகளை வைத்தே கண்டுபிடித்துக் காட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுரையை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்தோம். நம் ஊரில் நில அதிர்வு குறைவு, மழை உண்டே என்று நண்பன் ஒருவன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

மழை வந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி இரவு முடிச்சூர், வேளச்சேரி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஒவ்வொரு பெயராகத் திரையில் ஏறி வந்தது. மறுநாள் 'தி இந்து' நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. செய்தித்தாள் வராத ஊரிலிருந்து செய்தி மட்டும் எங்களுக்கு நொடிக்கு நொடி வந்துகொண்டிருந்தது. படகு கேட்டவர்கள், பால் பவுடர் கேட்டவர்கள், எங்கள் மாடியில் 20 பேர் தங்கலாம் என்று கதவைத் திறந்தவர்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஹேஷ்டேக்கைப் பிடித்தபடி விடிய விடிய விழித்திருந்தோம்.

அந்த இரவில்தான் ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு ட்வீட்டோடும் அது என்ன மொழி என்று இயந்திரம் ஒரு குறி போட்டு அனுப்பும், தமிழுக்கு 'டிஏ'. ஆனால் தவிப்பில் இருப்பவர்கள் தமிழ் விசைப்பலகையைத் தேடவில்லை. வீட்டுக்குள் தண்ணி வந்துருச்சு என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அவற்றில் சில இந்தோனேசிய மொழி என்ற குறியோடு வந்து விழுந்தன. தமிழ் என்று வடிகட்டியிருந்தால் அந்தக் குரல்களை நாங்களே வெளியே தள்ளியிருப்போம். இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் நம் மக்கள் உள்ளபடி எழுதுகிற எழுத்து நம் கையில் இருக்க வேண்டும். என் ஆய்வின் பாதை அன்று திரும்பியது.

இனி அந்த எண்களுக்கு வருகிறேன். சேகரித்த ட்வீட்டுகளை அப்படியே இன்னொரு ஆய்வாளருக்குக் கைமாற்றக் கூடாது, எண்களை மட்டும் கொடுக்கலாம் என்பது அப்போதைய விதி. வாங்கியவர் அந்த எண்களைச் சொல்லித் தளத்திடம் கேட்டால் முழு ட்வீட்டும் திரும்பக் கிடைக்கும். எண்ணாகச் சுருக்குவதை உலர்த்துதல் என்றும், திரும்ப வரவழைப்பதை நீரேற்றுதல் என்றும் சொல்வார்கள். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு வற்றல் போடுதல் என்று பெயர். அந்த விதிக்குள் ஒரு நல்ல மனசு இருந்தது: இடையில் யாராவது தன் ட்வீட்டை அழித்திருந்தால் அது திரும்பி வராது, எண் மட்டும் ஊமையாக நிற்கும். சொன்னவருக்கு அதைத் திரும்பப் பெறும் உரிமை அப்படிக் காப்பாற்றப்பட்டது.

அதன் அருமை எனக்குப் புரிந்தது 2018-ல். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. ஆராய்ச்சி என்ற பெயரில் ஒரு செயலி வழியாகத் திரட்டப்பட்ட விவரங்கள் அரசியல் பிரசார நிறுவனத்துக்குப் போயின, 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது. அதைப் படித்த அன்று என் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். வெள்ளத்தில் எழுதியவர்களின் கதவு எண், தெரு, கைபேசி எண், தாயாரின் நோய் எல்லாம் அதில் இருந்தன. ஆபத்தில் கத்துகிறவர் ரகசியம் பார்த்துக் கத்துவதில்லை. அந்தக் கத்தலை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு வருடத்துக்கு மேலாக வைத்திருந்தேன். ஆய்வுக் கணக்குகள் முடிந்திருந்தன. முழு வரிகளையும் அழித்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டேன். வேண்டும்போது நீரேற்றிக்கொள்ளலாம், கதவுதான் திறந்திருக்கிறதே என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு அப்போது காரணமும் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பொது ட்வீட்டுகள் அனைத்தையும் சேமிக்கப்போவதாக 2010-ல் அறிவித்திருந்தது. ஆனால் 2018 முதல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எடுப்பதாக அதுவே சுருக்கிக்கொண்டது. 2021 ஜனவரியில் ட்விட்டர் ஆய்வாளர்களுக்கென்றே தனி வாசல் திறந்து, 2006 முதலான பொது ட்வீட்டுகளில் மாதம் ஒரு கோடி வரை இலவசமாகக் கொடுத்தது. இரண்டு வருடம் அது எங்களுக்குப் பொற்காலம். 2022 அக்டோபரில் நிறுவனம் கைமாறியது. 2023 தொடக்கத்தில் இலவச அனுமதி நிற்கிறது என்று அறிவிப்பு வந்தது. மாதம் 100 டாலர் கட்டினால் 10,000 ட்வீட் படிக்கலாம் என்றானது. பெரிய அளவில் வேண்டுமென்றால் மாதம் 42,000 டாலரிலிருந்து. அன்றைய மதிப்பில் அது 34 லட்ச ரூபாயைத் தாண்டும். ஆய்வு மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை அப்போது மாதம் 37,000 ரூபாய். உலகெங்கும் 100-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் நின்றன, முடங்கின, அல்லது வேறு தளத்துக்கு மாறின.

என் கோப்பில் இரண்டு லட்சத்துக்கு மேல் எண்கள். முன்பெல்லாம் இரண்டு டீக்கு நடுவே ஒரு மதியத்தில் நீரேற்றிவிடுவோம். அந்த 2023 விலையில் கணக்குப் போட்டால் குறைந்தது 20 மாதம், 2,000 டாலர். வரிகளை அழித்ததற்கு நான் வருந்தவில்லை. அது சரியான காரியம் என்று இன்றும் சொல்வேன். வருத்தம் வேறு. தனியுரிமைக்காகப் போட வேண்டிய பூட்டு வேறு, விலைக்காகப் போடும் பூட்டு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

பேஸ்புக் பதிவுகளின் ஓட்டத்தைக் காட்டிவந்த கிரவுட்டாங்கிள் கருவி 2024 ஆகஸ்ட் 14-இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மெட்டா உள்ளடக்க நூலகத்துக்கு விண்ணப்பித்து, தேர்வாகி, பூட்டிய அறை போன்ற இணைய வெளிக்குள்ளேயே உட்கார்ந்து ஆராய வேண்டும். தனிநபர் விவரம் கசியாமலிருக்க அது நல்ல ஏற்பாடு; நானே வரவேற்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட வாசல்களில் நம் மாணவர்கள் நிற்கும் நேரம் மிக நீளம். ஒரு தளத்துக்கு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஏழு மாதம் கழித்து வந்த பதில் ஒரே வரி: உங்கள் நாடு எங்கள் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இருப்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 40-ஆவது பிரிவில், அங்கே 4.5 கோடிப் பயனர்களைத் தொட்ட தளங்கள் ஆய்வாளர்களுக்குத் தரவைக் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. வெளியே தெரியாத உள்தரவைக் கேட்பதற்கான விரிவான விதிகளும் 2025 அக்டோபர் 29 முதல் நடப்பில் உள்ளன. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் ஐரோப்பாவில் எழும் அபாயங்கள் மீதுதான். பாரிஸின் லா சப்பெலில் வாழும் தமிழர்களிடையே ஒரு வதந்தி பரவினால் அதை ஆராய ஒருவர் சட்டப்படி கேட்கலாம்; அதே வதந்தி தாம்பரத்தில் பரவினால் இங்கிருப்பவர் கேட்க ஒரு சட்டம் இல்லை. பேசுவது ஒரே மொழி.

போன மாதம் என் மாணவி முடிச்சூருக்குப் போய்வந்தாள். இப்போது எங்களுக்கு எஞ்சியிருப்பது மனிதரிடம் நேரில் போய்க் கேட்பது. தளங்களில் தன் கணக்கின் நகலை அவரவரே தரவிறக்கிக்கொள்ள வழி உண்டு. விரும்பினால் அதை ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு வராந்தாவில் மடிக்கணினியை வைத்து அவரது கோப்பைத் திறந்திருக்கிறார்கள். டிசம்பர் 2 விடியற்காலையில் படகு கேட்டு அவர் கணக்கிலிருந்து போன வரி வந்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதை எழுதினது என் பையன், என் கை நடுங்கிச்சும்மா என்றாராம். 18,000 ட்வீட்டை 15 நிமிடத்தில் அள்ளிய காலத்தில் எனக்கு இது தெரிந்ததே இல்லை. ஒரு கை நடுங்கியதை எந்தச் சாவியும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு மாணவி எத்தனை வராந்தா ஏறுவாள்? பொதுவெளியில் மக்கள் பேசியது பொதுநலனுக்கான ஆய்வுக்குத் திறந்திருக்க வேண்டும், தனிநபரைக் காக்கும் கட்டுப்பாட்டோடு. அப்படி ஒரு சட்டம் நமக்கும் வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அதுவரை ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். உங்கள் கணக்கின் அமைப்புகளுக்குள் போய் உங்கள் பதிவுகளின் நகலைத் தரவிறக்கி வையுங்கள். ஆய்வு மாணவர் யாராவது வாசலில் வந்து நின்றால், என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு, மீதியைக் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் கொடுங்கள்.