நாடியைத் தொலைத்த சொல்

கேள்வி: பிறந்தவுடன் அழாத குழந்தையின் மருத்துவக் குறிப்பில் ‘பர்த் அஸ்ஃபிக்ஸியா’ என்று எழுதியிருந்தார்கள். அஸ்ஃபிக்ஸியா என்றால் மூச்சுத்திணறல்தானே? அது எங்கிருந்து வந்த சொல்?

பதில்: இன்று அதற்குப் பொருள், உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போவது. ஆனால், சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூச்சே இல்லை! கிரேக்கத்தில் ‘ஸ்ஃபிக்ஸிஸ்’ என்றால் நாடித்துடிப்பு; முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைச் சொல்வது. ‘அநீதி’யில் வரும் ‘அ’வுக்கு அது உடன்பிறப்பு. ஆக, நேர்ப்பொருள் ‘நாடி இல்லை’. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் அந்தப் பொருளில்தான் அதை எழுதினார்கள். பிறகுதான் அது மூச்சடைப்புக்குப் பெயரானது.

உண்மையில் மூச்சு நின்ற பிறகும் இதயம் சில நிமிடங்கள் துடிக்கும். செவிலியர் குழந்தையைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்போதும் மூச்சு வராவிட்டால் முகமூடி வைத்து, பையை அமுக்கிக் காற்றைச் செலுத்துவது அந்தத் துடிப்பை நம்பித்தான்.

நம் ‘மூச்சுத்திணறல்’ நடப்பதை நடப்பதாகவே சொல்கிற நல்ல சொல். கிரேக்கச் சொல்லோ ‘நாடி இல்லை’ என்கிறது. நம்பிவிடாதீர்கள், அந்தச் சில நிமிடங்களில்தான் ஓர் உயிர் காத்திருக்கிறது!