நான்கு சக்கர சங்கீத சபை

மோட்டார் காரில் உட்கார்ந்துகொண்டு சங்கீதம் கேட்க வேண்டும் என்னும் ஆசையை இந்தக் காலத்து இளைஞர்களின் துர்ப்பழக்கம் என்று நினைப்பவர்கள் சரித்திரம் அறியாதவர்கள். 1930-இல் சிகாகோ நகரத்துக் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்று நாமகரணம் செய்து ஒரு கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 110 முதல் 130 டாலர் வரை இருந்தது. அந்நாளில் புத்தம்புது ஃபோர்டு காரையே 500 டாலர் அளவில் வாங்கிவிடலாம். ஆகவே, காரின் விலையில் ஏறக்குறையக் கால் பங்கை அதன் வாய்க்காகச் செலவழிப்பது தொண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாரம்பரியம் உடைய காரியம் என்பதை என் சகதர்மிணிக்குப் பல சந்தர்ப்பங்களில் எடுத்துரைத்திருக்கிறேன். “அந்தச் சிகாகோக்காரா ஆத்துப் பொம்மனாட்டிகள் என்ன சொன்னாளாம்?” என்று கேட்டாள் அவள். சரித்திராசிரியர்கள் அதைக் குறித்துவைக்கவில்லை.

அமெரிக்கர்கள் ரேடியோவோடு திருப்தியடைந்து நின்றுவிடவும் இல்லை. 1956-ஆம் வருஷத்துக் கிரைஸ்லர் கார்களில், டாஷ்போர்டுக்குக் கீழே, நிமிஷத்துக்கு 16⅔ சுற்றுச் சுழலும் ஏழு அங்குல இசைத்தட்டுக் கருவி ஒன்றையே பொருத்திக் கொடுத்தார்கள். அந்தக் கருவி எங்கள் பஜார் ரோட்டுக்கு வந்து சேர்ந்திருக்குமானால், அதன் முள் முதல் பள்ளத்தில் பல்லவியிலிருந்து சரணத்துக்கும், இரண்டாம் பள்ளத்தில் சரணத்திலிருந்து டிரைவரின் மடிக்கும் பிரயாணம் செய்திருக்கும்.

நான் வாசம் செய்வது கொச்சி மட்டாஞ்சேரியில். தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் தக்காணி உருதும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற இந்த ஊரில், கார் என்பது இடம் விட்டு இடம் பெயர்வதற்காக ஏற்பட்ட சாதனம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முன்னால் ஒரு லாரி சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். பின்னால் ஓர் ஆட்டோ தன் ஆயுள் முழுவதையும் ஹாரனிலேயே செலவழித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். யூதத்தெருவிலிருந்து தோப்பும்படி போய்ச் சேருவதற்குள் ஒரு ராகம், தானம், பல்லவி முடிந்து தனியாவர்த்தனமும் பாதிக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் காருக்கு எஞ்ஜின் அநாவசியமான ஆடம்பரம் என்றும், சங்கீதமே அதன் ஜீவன் என்றும் நான் முடிவு செய்ததில் தர்க்க சாஸ்திர விரோதம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போதாக்குறைக்கு இது காதுள்ள ஊர். 1951-இல் ‘ஜீவிதநௌக’ படத்தின் மூலம் சினிமாவில் பாடப் புகுந்த மெஹபூப் பாய் எங்கள் கொச்சியின் பிரஜை. கலியாண வீட்டுக் கச்சேரிகளிலேயே தம் குரலின் பெரும்பகுதியை வாரி வழங்கிவிட்டுப் போனவர். மலையாளத்தில் கஜல் பாடிப் புகழ் பெற்ற உம்பாயி மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். கிட்டங்கி மாடிகளில் ஒரு ஹார்மோனியமும் ஒரு ஜோடி தபலாவும் நிறைய டீயுமாக நடந்த மெஹ்ஃபில்களில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவரும் மாடிப்படியில் ஒற்றைக் காலில் நின்றவரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொண்டு, மேலே செல்கிறேன்.

தோப்பும்படிக்கு அப்பால் ஒரு சந்தில், கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் இளைஞன் ஒருவன் இருக்கிறான். ஒழுங்கும் அடக்கமும் உடைய பிள்ளை. ஸ்பீக்கரைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்ளுகிற பயபக்தி அவனிடம் உண்டு. ஆனால், என் வண்டியில் அவன் எதை மாட்டினாலும், மாட்டி முடித்து, ஒரு பாட்டைப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, பின்பு கண்ணைத் திறந்து, பரம துக்கத்துடன், “போரா, ஸ்வாமி” என்பான். போதாது என்று அர்த்தம்.

முதலில் கம்பெனி ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டுப் புது ஸ்பீக்கர்களும் ட்வீட்டர்களும் வைத்தோம். ஸ்பீக்கர் தெளிவானதும், கதவுத் தகடு கிடுகிடுவென்று ஆடுவது தெளிவாகக் கேட்டது. தகட்டின் நடுக்கத்தை அடக்கக் கதவுக்குள்ளே கீல்போல் கனக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டினோம். கதவு வாயடங்கியவுடன், அதுவரை அந்தக் கூச்சலில் மறைந்துகிடந்த ஸ்டீரியோவின் சக்தியின்மை வெளிப்பட்டது. ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஆம்ப்ளிஃபயர் வந்ததும், எஞ்ஜின் வேகம் ஏற ஏற, பாடகரோடு ஆல்டர்னேட்டரும் உச்ச ஸ்தாயியில் சேர்ந்து பாடத் தொடங்கிற்று. கரண்ட் வயரை ஒரு பக்கமும் சிக்னல் வயரை மறுபக்கமும் கொண்டுபோக வேண்டும். எர்த் வயரைப் பெயிண்ட்டின் மேல் முடுக்கினால் போதாது, பெயிண்ட்டைச் சுரண்டிப் பச்சை இரும்பில் முடுக்க வேண்டும். பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வைக்காவிட்டால் சங்கீதம் தீபாராதனையோடு முடியும் என்றெல்லாம் இளைஞன் உபதேசித்தான். சொந்தக் காரின் பெயிண்ட்டைச் சுரண்டக் காசு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிட்டுவதில்லை.

அதுவும் எந்த ஊரில்? காயலின் உப்புக் காற்று சகல உலோகங்களோடும் நித்திய யுத்தம் நடத்துகிற ஊரில். எடவப்பாதி என்னும் பருவமழை பிடித்துச் சில வாரங்களுக்குள் செப்புக் கம்பியின் முனை பச்சை பூத்துவிடும். காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் நமுத்த அப்பளமாகிவிடும். ஆகையால், கூம்பு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கம்பிக்கு ஈயம் பூசியிருக்க வேண்டும். கடைகளில் ‘காப்பர்’ என்று கொடுப்பதை கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே அலுமினியம் வெள்ளையாகச் சிரிக்கும். பெட்டியின் மேல் 1000 வாட் என்று அச்சிட்டிருப்பதும் அப்படியே. ஒரு கண நேரத்து வீராவேசத்தை அளந்து போட்ட கணக்கு அது, உள்ளே நின்று உழைப்பது 50 வாட்கூடத் தேறாது. இதில் நான் ஆச்சரியப்படவில்லை. 1555-ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டிய அரண்மனையை, 1663-இல் பழுதுபார்த்த புண்ணியத்துக்காக டச்சுக் கொட்டாரம் என்று அழைத்துவரும் ஊர்க்காரனுக்குப் பெட்டியின் மேல் எழுத்து ஒன்றும் உள்ளே சரக்கு ஒன்றுமாக இருப்பது பழகிப்போன சங்கதி.

வாட் விஷயத்தில் பிரகிருதி தேவி செய்துவைத்திருக்கும் அநியாயம் வேறு இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் ஏறுகிறது. கூர்ந்து கேட்டால் ‘ஏதோ கொஞ்சம் ஏறினாற்போல் இருக்கிறது’ என்று சொல்லக்கூடிய வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாகப் படவேண்டுமானால் சக்தி பத்து மடங்காக வேண்டும். விலை இந்தச் சாஸ்திரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அது உடனுக்குடன் ஏறிவிடுகிறது. தவிர, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 600 வாட் வாங்க நினைத்தால் 50 ஆம்பியர் மின்சாரம் ஓடவேண்டும். ஆகவே, டிக்கியில் சப்வூஃபர் வந்த இரவிலிருந்து, மிருதங்கத்தின் ஒவ்வொரு தொப்பி அடிக்கும் என் காரின் முன்விளக்குகள் பணிவுடன் கண்மூடித் திறந்தன. எதிரே வந்த லாரிக்காரர்கள் நான் வழி விடுவதாக எண்ணி நன்றியோடு முன்னேறினார்கள்.

சப்வூஃபரைப் பற்றி அக்கம்பக்கத்தார்தான் அதிகம் பேசத் தகுந்தவர்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். என் கார், மூக்கு முதல் வால் வரை, மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். பாக்கி அலை எங்கே போகிறது என்று கேட்டால், எதிர்வீட்டுக் கொங்கணிப் பெரியவர் தம் அலமாரிப் பாத்திரங்களைக் காட்டுவார்.

சட்டத்துக்கும் நான் பயந்தவன். வண்டியை உற்பத்தி செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. பூஸ்டரும் சப்வூஃபரும் கண்ணைப் பறிக்கும் வர்ண விளக்குகளுமாக நடமாடும் நாடகக் கொட்டகைகளாகிவிட்ட டூரிஸ்ட் பஸ்களை ஹைகோர்ட்டும் கடிந்திருக்கிறது. என் சிறு வண்டியையும் அந்த மகா உற்சவங்களையும் ஒரே தராசில் வைப்பார்களோ என்று நான் கலங்கிக்கொண்டிருந்த சமயத்தில் இளைஞன் வந்து, “ஸ்வாமி, இனி ஒரு டி.எஸ்.பி. வேணம்” என்றான். ஒரு கணம் எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அது போலீஸ் உத்தியோகஸ்தர் அல்ல, ஒலியைக் கணக்குப் போட்டுத் திருத்தும் ஒரு பெட்டி என்று அவன் விளக்கிய பிறகே மூச்சு வந்தது.

இந்தப் பெட்டியின் மகாத்மியம் பெரிது. டிரைவர் உட்காருவது வலப்புறம். வலக்கதவு ஸ்பீக்கர் அவன் முழங்காலோடு உறவாடுகிறது. இடக்கதவு ஸ்பீக்கரோ அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் வருவதால், இடப்பக்கத்துச் சப்தம் இரண்டு மில்லிசெகண்டுக்குள் ஓர் அற்ப நேரம் தாமதிக்கிறது. அந்த அற்பத்தைக்கூடக் காது மன்னிக்காமல், பாகவதர் டிரைவரின் வலது முழங்காலில் உட்கார்ந்து பாடுவதாகச் சாதிக்கிறது. டி.எஸ்.பி. என்ன செய்கிறதென்றால், வலப்பக்கத்துச் சப்தத்தை அந்த அற்ப நேரம் வாசலில் காக்கவைத்து, இரண்டையும் ஒன்றாக உள்ளே விடுகிறது. உடனே பாகவதர் முழங்காலை விட்டெழுந்து, டாஷ்போர்டின் நட்டநடுவில், பிள்ளையார் பொம்மைக்குப் பின்னால், பத்மாசனமிட்டு அமர்ந்துவிடுகிறார். அன்றைக்குத்தான் இளைஞன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு “போரா” என்று சொல்லவில்லை. நானும் கண் கலங்கினேன்.

ஆனால், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவரையும் தலையாட்டவைத்த அந்த மெஹ்ஃபில்களைப் போலல்லாமல், இந்த ஏற்பாடு ஒரே ஒரு தலைக்குத்தான் பொருந்தும் என்பதை ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளம் புறப்பட்டபோது என் மனைவி கண்டுபிடித்தாள். எனக்காக வலப்பக்கத்தைத் தாமதப்படுத்தியதால், இடப்புறம் உட்காரும் அவளுக்கு, முன்பே தூரமாயிருந்த வலப்பக்கத்துச் சப்தம் இன்னும் பின்தங்கிப் போயிற்று. “இங்கே பாருங்கோ, உங்க பாகவதர் என் கதவைப் பிடிச்சுண்டு வெளியிலே ஓடிண்டே பாடறார். பாவம், பாலம் வரப்போறது” என்றாள்.

இளைஞனிடம் முறையிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, பெட்டியில் இன்னொரு கணக்கையும் எழுதி, அம்மாளின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பொத்தானும் வைத்துக் கொடுத்தான். இப்போது ஹார்பர் பாலத்தில் ஏறும்போது அவள் ஒரு தடவை அழுத்துகிறாள், இறங்கும்போது நான் ஒரு தடவை அழுத்துகிறேன். பாகவதர் வாயை மூடாமலே டாஷ்போர்டின் நடுவுக்கும் கதவுக்குமாக இடம் மாறிக்கொண்டிருக்கிறார்.

சென்ற முறை என் தாயாரும் கூட வந்தாள். பின்ஸீட்டில், சப்வூஃபருக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு அவள் ஆனந்தமாய்ச் சாய்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்து, என் கஷ்டத்தை உணர்ந்த ரஸிகை ஒருத்தியாவது வீட்டில் இருக்கிறாளே என்று பூரித்துப்போய், “எப்படி இருக்கும்மா?” என்று கேட்டேன்.

“முதுகுக்கு ரொம்ப இதமா இருக்குடா. இந்தப் பாடறதை மட்டும் நிறுத்தேன்” என்றாள்.